கூரைக்கு முன் படுக்கை: பனிக்காட்டில் தனியாகத் தங்கிய ஓர் இரவு

குளிர்காலத்தில் காட்டுக்குள் மாட்டிக்கொண்டால் கிளைகளையும் இலைகளையும் வைத்து ஒரு குடில் போட்டு இரவைத் தள்ளிவிடலாம் என்று நாமெல்லாம் எங்கோ படித்திருப்போம். எனக்கு அது உண்மையிலேயே நேர்ந்தது. கோடரி இல்லை, கூடாரம் இல்லை, கூட ஆளும் இல்லை. திரும்பி வந்த பிறகு எல்லோரும் கேட்டது கூரையைப் பற்றித்தான்: எப்படிக் கட்டினாய், எதை வைத்து மூடினாய், பனி உள்ளே வரவில்லையா? என் முதுகுக்குக் கீழே என்ன இருந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. என் உயிர் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. இதை முன்பே யாராவது எனக்கு அழுத்திச் சொல்லியிருந்தால் அந்த இரவில் பாதி வேதனை மிச்சமாகியிருக்கும். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மலைக்காட்டில் ஒரு பகல் நடை. காலையில் கிளம்பி மாலைக்குள் திரும்பிவிடக்கூடிய, அடையாளம் போட்ட பாதைதான். மதியத்துக்கு மேல் பனி கொட்டத் தொடங்கியது. திரும்பும் வழியில் ஓர் ஓடையைத் தாண்ட வேண்டும். அதன் மேல் கிடந்த மரப்பாலம் நடுவில் முறிந்து, ஒரு பாதி தண்ணீரில் கிடந்தது. ஓடை பெரிதில்லை, ஆனால் முழங்காலுக்கு மேல் ஆழம், கரையெல்லாம் பனிக்கட்டி. இறங்கித் தாண்டிவிடலாம் என்று கால் துறுதுறுத்தது. இறங்கவில்லை. அந்த முடிவு சரியானது என்பதில் இன்றுவரை எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. தண்ணீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும். நனைந்த காலோடு அக்கரை ஏறினாலும் அங்கிருந்து இன்னும் பல மணி நேர நடை இருந்தது. போனில் சிக்னல் இல்லை. நான் இருக்கும் இடத்தை ஒரு குறுஞ்செய்தியாக எழுதி அனுப்பிப் பார்த்தேன், போகவில்லை. உடனே போனை அணைத்து உள்சட்டைக்குள், உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டேன். குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும். உடம்புச் சூட்டில் இருந்தால் மறுநாள் காலைக்கு மிஞ்சும்.

இருட்ட ஏறக்குறைய மூன்று மணி நேரம் இருந்தது. வேறு வழி ஏதாவது தென்படுமா என்று தேடலாம் என்ற எண்ணம் அப்போது மிக வலுவாக இருந்தது. நடந்துகொண்டிருக்கும் வரை உடம்பு சூடாக இருக்கும், பயமும் அடங்கியிருக்கும். நின்றால்தான் பயம் ஏறும். ஆனால் ஒரு விஷயத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்: வெறுங்கையோடு ஒரு ஆள் இலைக் குடில் போட மூன்று மணி நேரம் போதாது. வெளிச்சம் இருக்கும்போதே வேலையைத் தொடங்கவில்லை என்றால் பொருள் தேடவே முடியாது. அந்த மூன்று மணி நேரமும் அப்படியே போய், இருட்டிய பிறகும் தடவித் தடவி வேலை செய்தேன். இன்னும் அரைமணி நேரம் வழி தேடியிருந்தால் பாதிக் கூரையோடுதான் படுத்திருப்பேன்.

முதலில் இடம். ஓடைக்கரையில் மரங்கள் நெருக்கமாக இருந்தன, காற்றும் அவ்வளவாக இல்லை. பார்த்தால் நல்ல இடம்போலத்தான் தெரிந்தது. ஆனால் இரவில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஓடைக்கரைதான் சுற்றுவட்டாரத்திலேயே அதிகம் குளிரும் இடம். தண்ணீர்ச் சத்தத்தில் தேடி வருபவர்களின் குரலும் காதில் விழாது. மேட்டின் உச்சிக்குப் போனாலோ காற்று பிய்த்துவிடும். அதனால் பாதையை விட்டு விலகாமல் சரிவில் கொஞ்சம் மேலே ஏறி, காற்றுக்கு மறைவாக விழுந்து கிடந்த ஒரு பெரிய மரத்தின் பக்கம் இடம் பார்த்தேன். அப்புறம் அண்ணாந்து பார்க்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பட்டுப்போன கிளையோ, பனி குவிந்து தொங்கும் கிளையோ தலைக்கு நேர் மேலே இருந்தால் அந்த இடம் எவ்வளவு வசதியாக இருந்தாலும் வேண்டாம். கடைசியாக, கையெட்டும் தூரத்தில் பொருள் இருக்க வேண்டும். நூறு அடி தள்ளிப் போய்ச் சருகு அள்ளி வருவது முதல் சில நடைக்குத்தான் முடியும். அப்புறம் கால் கேட்காது.

வேலை தொடங்குமுன் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டேன். பனியில் நின்றுகொண்டு ஜாக்கெட்டைக் கழற்றுவது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். ஆனால் வேர்த்து உள்சட்டை நனைந்தால், வேலை முடிந்து உட்கார்ந்த சில நிமிடத்தில் அந்த ஈரம் உடம்பைக் குளிரவைத்துவிடும். லேசாகக் குளிர்வதுபோல் இருக்கும் வேகத்தில்தான் வேலை செய்ய வேண்டும். நெற்றியில் வேர்வை துளிர்த்தால் நிறுத்தி நிதானமாக மூச்சு வாங்கிவிட்டு மறுபடி தொடங்கினேன். இருட்டு நெருங்க நெருங்க ஓடி ஓடிச் செய்யத் தோன்றும். அப்போது கையைக் கட்டிப்போடுவதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது.

இப்போது படுக்கை. எல்லா வேலைக்கும் முன் இதைச் செய்துவிடுங்கள். படுத்திருக்கும் உடம்பு சுற்றியுள்ள காற்றுக்குச் சூட்டை இழக்கிறது, உண்மைதான். ஆனால் தரையோடு நேராக ஒட்டியிருக்கும் முதுகும் இடுப்பும் சூட்டை நிலத்துக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். உறைந்த மண் எவ்வளவு சூடு கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும், சூடேறவே ஏறாது. மேலே எவ்வளவு கெட்டியாக மூடினாலும் இதை ஈடுகட்ட முடியாது. முதலில் காலாலும் ஒரு தட்டையான மரத்துண்டாலும் பனியை மண் தெரியும்வரை ஒதுக்கினேன். அங்கேயே படுத்து, என் உடம்பைச் சுற்றி ஒரு சாண் இடம் விட்டுக் குச்சியால் கோடு போட்டேன். குடிலின் அளவு அவ்வளவுதான். பெரிதாகக் கட்ட ஆசை வரும். உட்கார இடம் வேண்டும், பையை வைக்க இடம் வேண்டும் என்று மனம் கேட்கும். உள்ளே இருக்கும் காற்றைச் சூடாக்க உங்கள் உடம்பைத் தவிர வேறு அடுப்பு இல்லை. எனவே திரும்பிப் படுக்க மட்டும் இடம் போதும். அணில் மரத்தில் கட்டும் கூட்டைப் பார்த்திருப்பீர்கள், அது உள்ளே சுருண்டு படுக்கும் அளவுக்குத்தான் இருக்கும். அதே கணக்குதான் இங்கேயும்.

கோட்டுக்குள் முதலில் காய்ந்த குச்சிகளைக் குறுக்கே நெருக்கமாகப் பரப்பினேன். மண்ணின் ஈரம் நேராக ஏறாமல் இருக்க இது உதவும். அதன் மேல் ஊசியிலை மரங்களின் கிளைநுனிகள், வளைந்த பக்கம் மேலே வருமாறு. அதற்கும் மேலே சருகு. உயிருள்ள மரத்திலிருந்து கிளை ஒடிப்பது சாதாரண நாளில் செய்யக் கூடாத வேலை, உயிருக்கு ஆபத்தான நேரத்தில் மட்டும்தான். சருகு தேடுவதில்தான் என் நேரம் பெரும்பாலும் கரைந்தது. பனிக்கு அடியில் எடுத்தால் மேலாக இருக்கும் சருகு தகடுபோல் உறைந்து ஒட்டிக்கொண்டிருக்கும், அதற்கடியில் இருப்பது சொதசொதவென்று ஈரம். உலர்ந்தது கிடைத்தது மூன்று இடங்களில். விழுந்த மரத்தின் அடிப்பக்கத்தில், காற்று கொண்டுவந்து ஒதுக்கிய சருகு. அடர்ந்த ஊசியிலை மரங்களின் காலடியில், பனி எட்டாத வட்டத்தில், உதிர்ந்த ஊசிகள். மூன்றாவதைத் தற்செயலாகத்தான் கவனித்தேன். ஓக், பீச் வகை மரங்களின் இளங்கன்றுகள் காய்ந்த இலையை உதிர்க்காமல் குளிர்காலம் முழுக்கக் கிளையிலேயே வைத்திருக்கும். பழுப்பு நிறத்தில், காற்றில் சலசலத்துக்கொண்டிருந்தன. கிளையைப் பிடித்து உருவினால் கை நிறைய மொறமொறவென்று காய்ந்த இலை வந்தது. அன்று கண்ணில் பட்டதிலேயே அருமையான பொருள் அதுதான். முழங்கால் உயரத்துக்குச் சருகைக் குவித்தேன். படுத்துப் பார்த்தால் அது ஒரு சாண்கூட இல்லாமல் அமுங்கிவிட்டது. அமுங்கிய பிறகு ஒரு சாணாவது மிஞ்ச வேண்டும். எனவே குவிப்பது, படுத்து அமுக்குவது, மறுபடி குவிப்பது என்று செய்துகொண்டே போக வேண்டும். நானும் மறுபடி குவித்தேன். ஆனால் வெளிச்சம் குறைவதைப் பார்த்துக் கூரை வேலைக்கு எழுந்துவிட்டேன். அதன் விளைவை அப்புறம் சொல்கிறேன்.

சட்டகம் அவ்வளவு கடினமில்லை. என் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு நீளமுள்ள ஒரு கம்பு, அதாவது இரண்டரை மீட்டருக்கு மேல், முகட்டு வளையாக, அதாவது கூரையைத் தாங்கும் நடுக்கம்பாக வேண்டும். அதன் தலைப்பக்கம் இடுப்புயரத்தில் ஒரு கவட்டையில் நிற்கும், கால்பக்கம் தரையில் ஊன்றியிருக்கும். இரண்டு கவைக்கம்புகளை எதிரெதிராகச் சாய்த்து ஒன்றோடொன்று கோத்து அதன் மேல் வளையை வைத்தேன். கயிறு தேவைப்படவில்லை. நீளமான கிளையை ஒடிக்கக் கத்தியால் போராட வேண்டாம். நெருக்கமாக நிற்கும் இரண்டு மரங்களுக்கு நடுவே கிளையை நுழைத்து மறுமுனையைத் தள்ளினால் வேண்டிய இடத்தில் முறியும். வளையை வைத்ததும் என் முழு பாரத்தையும் போட்டுத் தொங்கிப் பார்த்தேன். மேலே ஏறப்போகும் சருகும் பனியும் சேர்ந்தால் கனம் அதிகம், நடு இரவில் அது முறிந்தால் தூக்கத்திலேயே புதைந்துபோவோம். அப்புறம் இரண்டு பக்கமும் கைமரங்களை, அதாவது வளையில் சாயும் பக்கக் கம்புகளை, நெருக்கமாக அடுக்க வேண்டும். கைமரங்களின் நுனி வளைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் உருகும் தண்ணீர் அதன் வழியாகவே உள்ளே இறங்கும். கைமரங்களுக்குக் குறுக்கே மெல்லிய குச்சிகளைப் போட்டால் சருகு இடுக்கில் சொரியாமல் நிற்கும்.

பிறகு மூடுவது. எவ்வளவு தடிமன் வேண்டும் என்பதற்கு எளிய அளவு உங்கள் கைதான். சருகுக் குவியலுக்குள் வெளியிலிருந்து கையை நுழைத்தால் முழங்கை தாண்டித் தோள் நெருங்கும் வரை போக வேண்டும். அதாவது இரண்டிலிருந்து மூன்று அடி. சூட்டைத் தடுப்பது இலை இல்லை. இலைகளுக்கு நடுவே அசையாமல் சிக்கிக்கொண்டிருக்கும் காற்றுதான் அதைச் செய்கிறது. அதனால்தான் அமுக்கித் திணிக்காமல் பொலபொலவென்று போட வேண்டும். உலர்ந்தது தீர்ந்த பிறகு ஈரச் சருகையும் வெளிப்புறத்தில் போட்டேன். வெளியே ஈரமாக இருந்தாலும் பரவாயில்லை, உள்ளே படுக்கைக்குத்தான் உலர்ந்தது வேண்டும். சருகு பறக்காமல் இருக்கக் கிளைகளைச் சாய்த்து வைத்து, எல்லாவற்றுக்கும் மேலே பனியை மெல்ல வாரிப் போட்டேன். புதுப் பனியில் பெரும்பகுதி காற்றுதான், அதுவும் ஒரு போர்வையாகவே வேலை செய்யும். சருகு அள்ளி இழுத்து வர ஜாக்கெட்டைத்தான் துணியாக விரித்துப் பயன்படுத்தினேன். சேர்த்து வைத்து வாங்கிய நல்ல ஜாக்கெட், முதுகுப்பக்கம் கிழிந்து, பிசின் படிந்து வீணாகிவிட்டது. கையுறையும் நனைந்து கிழிந்துபோனது. இரண்டையும் புதிதாக வாங்கக் கணிசமான பணம் போனது. பையில் ஒரு பெரிய குப்பைப் பை இருந்திருந்தால் ஜாக்கெட் தப்பியிருக்கும். அப்படி இரண்டு பைகளை மடித்து வைத்துக்கொள்ளச் செலவும் இல்லை, கனமும் இல்லை.

நெருப்பு மூட்டலாமே என்று கேட்பீர்கள். லைட்டர் இருந்தது. ஆனால் இந்தக் குடில் முழுக்க முழுக்க எரிபொருள். உள்ளே நெருப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை, வாசலுக்குப் பக்கத்திலும் கூடாது. தள்ளி மூட்டினால் படுத்திருப்பவருக்குச் சூடு வராது. இரவு முழுக்க நெருப்பைக் காக்கவேண்டிய விறகை ஈரக்காட்டில் தனியாளாகச் சேர்ப்பது இன்னொரு முழு வேலை. சருகா விறகா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடிந்தது. சருகைத் தேர்ந்தெடுத்தேன்.

இருட்டிய பிறகு கால் முதலில் போகுமாறு உள்ளே நுழைந்தேன். நுழைவதற்கு முன்பே குடிலுக்குள் சருகைத் திணித்து நிரப்பியிருந்தேன். அதற்குள் புதைந்துகொண்டு, கடைசியில் சருகு திணித்த பையை வாசலில் இழுத்து அடைக்க வேண்டும். காற்று போக ஒரு சிறு இடைவெளி விட்டேன். தூசி மூக்கில் ஏறி இருமல் வந்தது, கழுத்துத் துணியை மூக்குக்கு மேல் கட்டிக்கொண்டேன். முதல் ஒரு மணி நேரம் நன்றாகவே இருந்தது, கதகதப்புகூடத் தெரிந்தது. பிறகு இடுப்பெலும்பு இருந்த இடத்தில் குளிர் ஏறத் தொடங்கியது. பக்கவாட்டில் இல்லை, மேலே இல்லை, கீழிருந்து மட்டும். படுக்கைச் சருகு இன்னும் அமுங்கி அந்த இடத்தில் மெலிந்துவிட்டது. புரண்டு படுத்தால் தோளுக்கடியில் அதே கதை. அந்த நேரத்தில் வந்த பயத்தை மறைக்க விரும்பவில்லை, அழுகை வந்தது. வீட்டு ஆட்களின் பெயரைச் சொல்லிக்கொண்டே கிடந்தேன். பிறகு பக்கவாட்டில் திணித்திருந்த சருகைக் கையால் துழாவி இழுத்து இடுப்புக்கும் தோளுக்கும் அடியில் திணித்தேன். விடியும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்தேன். கையிலிருந்த கயிற்றுச் சுருணையை இடுப்புக்கடியில் வைக்கலாம் என்று நடு இரவுக்குப் பிறகுதான் தோன்றியது, அது நன்றாகவே உதவியது. கையில் இருக்கும் எதுவும் படுக்கைதான்.

உடம்பு விடாமல் நடுங்கியது. நடுக்கம் நல்லது, உடம்பு சூட்டை உண்டாக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். குளிர் குறையாமலே நடுக்கம் மட்டும் நின்றுபோனால்தான் ஆபத்து. உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே தாழ்வெப்ப நிலை தொடங்கிவிடும். பேச்சு குழறும், கை சொன்னபடி கேட்காது, யோசனை மங்கும், நன்றாகத்தான் இருக்கிறோம் என்ற எண்ணமும் வரும். தனியாக இருப்பவருக்கு இதைச் சொல்ல வேறு ஆள் கிடையாது. அதனால் அவ்வப்போது கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட்டுப் பார்த்தேன், ஏழாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகத் தலைகீழாகச் சொன்னேன். விரல் தொட மறுத்தால் கைகால்களை இறுக்கி இறுக்கி விட வேண்டும், வேர்க்கும் அளவுக்கு இல்லாமல். படுக்கப்போகும் முன் கையிலிருந்ததைச் சாப்பிட்டுவிட வேண்டும், நடுங்குவதற்கு உடம்புக்கு எரிபொருள் வேண்டும். தாகத்துக்குப் பனியை அப்படியே தின்னக் கூடாது. ஒரு கிலோ பனியை உருக்க மட்டும் உடம்பிலிருந்து 80 கிலோ கலோரி போகும். தண்ணீர்ப் புட்டியில் பனியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, ஜாக்கெட்டுக்குள் வைத்துக் கரைத்தேன்.

பனியைக் குவித்துக் குடையும் குடில் போட்டிருக்கலாமே என்று ஒரு நண்பர் பிறகு கேட்டார். இலையே கிடைக்காத இடத்தில் அது நல்ல வழிதான். வெளியே கடும் குளிர் இருந்தாலும் உள்ளே பெரும்பாலும் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். ஆனால் குவித்த பனி இறுகக் குறைந்தது ஒன்றிரண்டு மணி நேரம் விட வேண்டும். ஓரடி நீளக் குச்சிகளைச் சுற்றிலும் குத்தி வைத்து, உள்ளிருந்து குடையும்போது குச்சி முனை தெரிந்ததும் நிறுத்தினால் சுவர் சீரான கனத்தில் நிற்கும். படுக்கை வாசலைவிட உயரத்தில் இருக்க வேண்டும், கூரையில் ஒரு காற்றுத் துளை கட்டாயம். அதைக் குடைபவர் நனையாமல் வெளியே வர முடியாது, சரிந்தால் தோண்டி எடுக்க வெளியே ஆளும் வேண்டும். நான் தனியாள், மாற்றுத்துணியும் இல்லை. அதனால் அந்தப் பக்கமே போகவில்லை.

விடிந்ததும் கிளம்பவில்லை. பாதையில் பனி மூடியிருந்தது, பாலமும் இல்லை. குடிலுக்குச் சருகும் பனியும் போட்டு மூடிவிட்டால் பத்தடி தூரத்தில் நிற்பவருக்கும் அது தெரியாது. இதை நினைத்துத்தான் முந்தின நாள் மாலையே பையின் ஆரஞ்சு நிற மழை உறையைப் பாதையோரக் கிளையில் கட்டி, குடிலை நோக்கிக் குச்சியால் அம்புக்குறி போட்டிருந்தேன். போனை எடுத்து இயக்கினேன், சரிவில் கொஞ்சம் ஏறியதும் குறுஞ்செய்தி போய்ச் சேர்ந்தது. ஆனால் அதற்கு முன்பே, நான் எந்தப் பாதையில் போகிறேன், எப்போது திரும்புவேன் என்று வீட்டில் எழுதி வைத்திருந்ததால் தேடல் தொடங்கியிருந்தது. விசிலை மூன்று மூன்றாக ஊதிக்கொண்டிருந்தேன். மூன்று என்பது பல இடங்களில் உதவி கேட்பதாகப் புரிந்துகொள்ளப்படும் குறி. கத்திக்கொண்டே இருந்தால் தொண்டை போய்விடும், விசிலுக்கு மூச்சு மட்டும் போதும். முற்பகலில் ஆட்கள் வந்தார்கள்.

விரல்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கையுறை கிழிந்ததில் இடது கை விரல் நுனிகள் வெளுத்து, மரத்துப்போயிருந்தன. வந்தவர்களில் ஒருவர் தேய்க்கவே விடவில்லை, என் கையை என் அக்குளுக்குள்ளேயே வைக்கச் சொன்னார். உறைந்த சதையைத் தேய்த்தால், பனியால் தேய்த்தால் இன்னும் மோசமாக, உள்ளே கிழியும். நெருப்பில் காட்டவும் கூடாது, உணர்வில்லாத விரல் பொசுங்குவது தெரியாது. ஆழமாக உறைந்திருந்தால் 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான நீரில் வைத்து இளக்குவார்கள். அதுவும் மறுபடி உறையாது என்று உறுதியான இடத்தில்தான், இளகியது மீண்டும் உறைந்தால் சேதம் பல மடங்கு. என் விரல்கள் மேலோட்டமாகத்தான் பாதிக்கப்பட்டிருந்தன. இளகும்போது வந்த எரிச்சல் தாங்க முடியவில்லை, வலி வருவதே நல்ல அறிகுறி என்று மருத்துவர் சொன்னார். சட்டைப் பொத்தானைப் பார்க்காமல் போடுமளவுக்கு உணர்வு திரும்பப் பல வாரங்கள் ஆயின. இன்றும் குளிர்ந்த நீரில் கை வைத்தால் அந்த நுனிகள் மற்ற விரல்களுக்கு முன்பே வெளுத்துவிடுகின்றன. குளிர் ஒருமுறை பட்ட இடத்தில் மறுபடி சீக்கிரம் படும் என்பதால், வெளியே கிளம்பும்போது கூடுதலாக ஒரு ஜோடி கையுறையை உள்சட்டைப் பையில் வைத்துக்கொள்ள மருத்துவர் சொல்லியிருக்கிறார்.